பின்னால ஜிப் வெச்ச சட்டை

உக்காருங்க தம்பி, எடம் இருக்குது. சித்த நகர்ந்துக்கலாம்னுதான் பாக்கறேன், நகர முடியலீங்க. முதுகைச் சீட்டோட ஒட்டி வெச்சிருக்கறேன். அதுக்கு ஒரு காரணம் இருக்குது, அப்பறம் சொல்றேன். கோயமுத்தூருங்களா? நல்லதாப் போச்சு. நான் பீளமேட்டுல எறங்கணும்.

என்ற சட்டையத்தானே பாக்கறீங்க? பாருங்க, போச்சாது, பரவால்ல. திருப்பூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து எல்லாரும் அதைத்தான் பண்ணீட்டிருக்கறாங்க. கண்டக்டர் டிக்கெட்டைக் குடுத்துட்டு நாலு சீட்டு தாண்டிப் போயி மறுபடியும் திரும்பிப் பாக்கறாரு. மஞ்சத் துணி, நீலத்துல குருவி. தோள்ல இருக்கற குருவி மேல பாத்துப் பறக்குது, கையில இருக்கறது கீழ பாத்துப் பறக்குது. தப்பாத் தெச்சதுன்னு நினைச்சுக்காதீங்க. அது டிசைன்.

இந்தப் பையை எதுக்கு வயித்தோட கட்டிப் புடிச்சிருக்கறேன்னு கேப்பீங்க. கேக்கலையா? சரி, கேக்கறப்ப சொல்றேன்.

என்ற பேரு மயில்சாமி. திருப்பூர்ல ஆப்பிரிக்கத் துணியில கொழந்தைகளுக்கு டிரெஸ்ஸு, ஊட்டுக்குக் குஷன், ஸ்கிரீன், தோரணம், செவுத்துல மாட்டறதுன்னு கையால தெச்சுக் குடுக்கற எடம் ஒண்ணு இருக்குதே, கேள்விப்பட்டிருக்கறீங்களா? இல்லையா? கேள்விப்படுவீங்க. அதுல டிசைனரு நானுங்க. தெக்கறது என்ற ஊட்டுக்காரி வசந்தாமணி. வெட்டறதும் இப்பெல்லாம் அவதான். துணி தேந்தெடுக்கறது, எந்தத் துணிக்குப் பக்கத்துல எந்தத் துணி வரணும்னு வெச்சுப் பாக்கறது, வர்றவங்ககிட்டப் பேசறது, அதுவும் அவதான். மத்ததெல்லாம் நானு.

அந்த வசந்தாமணிதான் இன்னிக்குக் காலையில என்னை உட்டுப்போட்டு முன்னாலயே கெளம்பிப் போயிட்டா. எங்க போறோம்னா, ஒரு பொறந்தநாளுக்கு. சிமின்னு ஒரு குட்டிக்கு ஒரு வயசு முடியுது. கெளம்பறப்ப என்ன சொல்லீட்டுப் போறா தெரியுங்களா? 'வந்தா அந்தச் சட்டையில வாங்க. இல்லாட்டி வரவே வேண்டாம்.' தாலி கட்டுன புருசனுக்கு இதுவா தம்பி மரியாதை? நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. முழுசாச் சொல்றேன்.

நான் பனியன் கம்பெனியில கட்டிங் சூப்பர்வைசரா இருந்தவனுங்க. கம்பெனியை மூடிப்போட்டாங்க. ஊட்டுல சும்மா உக்காந்து டிவி பாத்துட்டிருந்தேன். வசந்தாமணி முன்ரூம்புல மிஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தெச்சுட்டிருந்தா. அப்பத்தான் போலாக்கா வந்தாங்க.

பேரு ஃபோலாக்கே. நைஜீரியாக்காரங்க. அவங்க ஊட்டுக்காரர் நம்மூருல டீசர்ட்டு வாங்கி லாகோசுக்கு அனுப்பற யாவாரம் பண்றாரு. எங்க தெருவுல ஃபோலாக்கேன்னு சொல்ல யாருக்கும் வாய் வளையல. போலாக்கா ஆயிட்டாங்க. அவங்களும் கூப்புட்டாத் திரும்பிப் பாத்துப் பழகிட்டாங்க. தமிழ் பேசுவாங்க தம்பி, அதுவும் நம்மூருத் தமிழு. காய்காரர்கிட்ட, 'ஏனுங்க, தக்காளி இப்புடி நசுங்கிக் கெடக்குதுங்களே'ம்பாங்க. கேட்டுட்டே இருக்கலாம். தெருவுல ஒண்ணு ரெண்டு பேரு அவங்க வந்தாத் தள்ளி நிப்பாங்க. ஊடு வாடகைக்குத் தர மாட்டேன்னவங்களும் இருக்கறாங்க. நாங்க அப்புடிப் பாக்கறவங்க இல்லீங்க. வந்த அன்னிக்கே என்ற ஊட்டுக்காரி காப்பி போட்டுக் குடுத்தா. நான் டிவி சத்தத்தைக் கொறைச்சேன்.

அவங்க கொழந்தைதான் சிமி. அதுக்கு ஒரு கவுனு தெக்கோணும்னு ஊர்ல இருந்து கொண்டாந்த துணிய எடுத்து விரிச்சாங்க பாருங்க, முன்ரூம்பே வெளிச்சமாயிடுச்சு. நல்ல பருத்தி. மெழுகு வெச்சு அச்சடிக்கறதாம். நான் நல்ல பக்கம் எதுன்னு திருப்பித் திருப்பிப் பாக்கறேன். நம்ம துணியில உள்பக்கம் வெளுத்திருக்குமில்லீங்களா? இதுல ரெண்டு பக்கமும் ஒரே நெறம். போலாக்கா சிரிச்சுட்டு, 'ரெண்டும் நல்ல பக்கந்தானுங்க அங்கிள்'னாங்க. ஒரு துணியில மேசை விசிறி அச்சடிச்சிருக்குது. ஒண்ணுல பூரா கண்ணு. ஒண்ணுல குடை. வேட்டி பனியன் பாத்தே வளந்தவன் நானு, எனக்குத் தலை சுத்திப்போச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன், அன்னிக்கு டிவியை நிறுத்தினவன் அப்பறம் போடவே இல்லை.

கவுனுக்குக் கழுத்து நான்தான் வரைஞ்சேன். கொழந்தைக் கழுத்துன்னா பனியன் கம்பெனியில ஒரு அளவு உண்டு, கண்ணை மூடீட்டு வரைவேன். வசந்தாமணி பாத்துட்டு, 'ஏனுங்க, இதுல தலை போகுமுங்களா?'ன்னா. 'இழுத்தாப் போகும் அம்மணி, நான் பாக்காத கழுத்தா?'ன்னேன். பனியன் துணி இழுத்தா வரும். இது இழுத்தா வராத துணி. அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்காதீங்க. தெரியும். அன்னிக்கு ஞாபகம் வரல, அவ்வளவுதான்.

சிமிக்கு நல்ல உருண்டைத் தலைங்க. போட்டுப் பாக்கறப்ப நெத்தி வரைக்கும் போச்சு, அதுக்கு மேல போகல. திருப்பி எடுக்கலாம்னா அதுவும் வரல. மேல கவுனு, கீழ ரெண்டு காலு, நடுவுல இருந்து சத்தம். முதல்ல சிரிச்சுது, அப்பறம் கத்த ஆரம்பிச்சுது. நான், 'இழு, இழு'ங்கறேன். போலாக்கா அவங்க பாஷையில சாமியைக் கூப்புடறாங்க. வசந்தாமணிதான் கத்திரியை எடுத்தா, கொழந்தைக்குப் பின்னால போயி, கழுத்துல இருந்து நடு முதுகு வரைக்கும் சர்ருனு வெட்டினா. தலை வெளிய வந்துச்சு. மூஞ்சி செவந்து, மூக்கு ஒழுகி, என்னைத்தான் முதல்ல பாத்துச்சு. பாத்துட்டு இன்னும் சத்தமா அழுதுது.

வெட்டுன எடத்துல ரெண்டு பக்கமும் பட்டி வெச்சு, மேல ஒரு கொட்டாங்குச்சி பட்டன் வெச்சுத் தெச்சுக் குடுத்தா. போலாக்காவுக்கு அவ்வளவு புடிச்சுப்போச்சு. அவங்க சிநேகிதிகெல்லாம் அதே மாதிரி கேட்டாங்க. அப்பறம் கோயமுத்தூர்ல ரெண்டு கடைக்காரங்க கேட்டாங்க. இப்ப எங்க துணின்னாலே அந்தப் பின்பக்கத்துப் பட்டனை வெச்சுத்தான் கண்டுபுடிக்கறாங்க. அது யாரு டிசைனு? கழுத்தை நான் பெருசா வெச்சிருந்தா அந்தப் பட்டன் வந்திருக்குமுங்களா? யோசிச்சுப் பாருங்க. இதை வசந்தாமணிகிட்டச் சொன்னா, 'ஆமாங்க, ஆமாங்க'ன்னுட்டு மிஷினை வேகமா ஓட்டுவா.

ஒரே ஒரு விசயத்துலதான் எங்களுக்குள்ள ஒத்து வரல. யானை. ஆப்பிரிக்கான்னா யானைதானுங்களே? குஷனுக்கு நடுவுல சிவப்பு வெல்வெட்டுல ஒரு யானை வெட்டி ஒட்டுனா எப்புடி எடுப்பா இருக்கும்! போலாக்காகிட்டயே கேட்டேன். அவங்க, 'அங்கிள், லாகோசு கோயமுத்தூரை விடப் பெரிய ஊருங்க. நான் பொறந்து வளர்ந்ததுல யானையே பாத்ததில்லீங்க. முதல் முதல்ல பாத்தது உங்க பேரூர் கோயில்லதானுங்க. அதுவும் என்ற தலையில தும்பிக்கைய வெச்சுது, நான் பயந்து ஓடிட்டேன்'னாங்க. வசந்தாமணி அன்னிக்கே சொல்லிட்டா, நம்ம துணியில யானை கூடாதுன்னு. சரின்னுட்டேன். ஆனா வெட்டி வெச்ச யானைகளை நான் தூக்கிப் போடல. பீரோவுக்கு மேல பத்திரமா இருந்துச்சு.

இதா, இந்த மண்டபத்தைப் பாருங்க, பாருங்க... போயிடுச்சு. கருமத்தம்பட்டி வந்தாலே எனக்கு வயிறு எரியுமுங்க. அங்கதான் என்ற மச்சான் கனகராசு பொண்ணு கல்யாணம். வசந்தாமணிக்குக் கூடப் பொறந்த அண்ணன். அந்த ஊட்டு மாப்பிள்ளைக அத்தனை பேருக்கும் ஒரே மாதிரிப் பட்டு வேட்டி, ஒரே கரை, எல்லாரும் வரிசையா நின்னு போட்டோ எடுக்கறதுக்கு. எனக்கு என்ன வந்துச்சு தெரியுங்களா? பாலியஸ்டர் கலந்த வேட்டி. அதையும் கையில குடுக்கல. ரூம்புல கட்டில் மேல வெச்சுட்டுப் போயிட்டாங்க.

வேட்டிக்கு வழியில்லாமயா இருக்கறேன்? வேட்டி இல்லீங்க தம்பி பிரச்சனை. விசேசத்துல துணி எடுத்துக் குடுக்கறது எதுக்குங்க? நீ எங்க ஆளுன்னு சொல்றதுக்கு. பத்திரிகை ஊருக்கே குடுக்கலாம். துணி, ஒறம்பரையில, சொந்தபந்தத்துல நெருங்குனவங்களுக்குத்தான் குடுப்பாங்க. அந்த அருமை தெரியாதவனெல்லாம் ஒரு மனுசனுங்களா? பந்தியில உக்காரவே இல்லை, நேரா பஸ் ஏறி வந்துட்டேன். போட்டோ நானில்லாமத்தான் எடுத்தாங்க. அவங்க ஊட்டு நடையில மாட்டியிருக்கறதா வசந்தாமணி சொன்னா. நான் போயிப் பாத்ததில்லை.

அந்த வாரமே மச்சான் சரியான வேட்டியை எடுத்துட்டு வந்தாரு. 'பையி மாறிப்போச்சுங்க மாப்பிள்ளை, மனசுல வெச்சுக்காதீங்க'ன்னு வாசல்ல நின்னு சொன்னாரு. நான் ரூம்பை விட்டு வெளிய வரல. வேட்டி பீரோவுக்குள்ள போயிடுச்சு. எத்தனை வருசமாச்சுன்னு கேக்காதீங்க. அந்தப் பொண்ணோட பையன் இப்ப பள்ளிக்கூடம் போறான்.

இது எதுக்குச் சொன்னேன்? எதுவோ பேசிட்டிருந்தோம். ஆங், பொறந்தநாளு.

சிமிக்கு ஒரு வயசுன்னு பெருசாப் பண்ண முடிவு பண்ணிட்டாங்க. பீளமேட்டுல மண்டபம். போலாக்கா ஊட்டுக்காரரோட சிநேகிதங்க, இங்க படிக்க வந்த புள்ளைக, எல்லாரும் அங்கதான் அதிகம். கொழந்தைக்குக் கவுனு, மண்டபத்துக்குத் தோரணம், மேடையில சோபாவுக்கு உறை, எல்லாம் எங்க பொறுப்பு. அதுக்குன்னே லாகோசுல ஒரே துணியா எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாங்க. இதா, நான் போட்டிருக்கற இந்தத் துணிதான். வந்ததைப் பூரா எங்ககிட்டக் கொண்டாந்து எறக்கியாச்சு.

ரெண்டு நாளு கழிச்சு மறுபடியும் வந்தாங்க. வசந்தாமணி பட்டன் வாங்க ஈரோடு போயிருந்தா. நான் மட்டுந்தான். கையில அதே துணி, மடிச்சு, மேல ரிப்பன் கட்டியிருக்குது. வாசப்படியில நின்னு ஒரு காலைக் கொஞ்சம் மடக்கித் தாழ்ந்து, ரெண்டு கையிலயும் நீட்டுனாங்க. செருப்பு வாரு அறுந்து போச்சோன்னு குனிஞ்சு நான் காலைப் பாத்தேன். 'இது உங்களுக்குங்க அங்கிள். அக்காவுக்கும்'னாங்க. நான் வாங்கி வெச்சுட்டேன்.

இப்ப நீங்க சொல்லுங்க தம்பி. பெரிய ஆர்டரு வந்திருக்குது. துணி குடுத்தாச்சு. அதே லாட்டுல இன்னுங் கொஞ்சம் துணி வருது. திருப்பூர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க, அதுக்கு என்ன பேரு? வேஸ்டேஜு! வெட்டறப்ப வீணாப் போறதுக்குன்னு சேத்துக் குடுக்கறது. நான் கம்பெனியில காலம் பூராப் பாத்தது அதைத்தான். பரவால்லையே, நம்ம தொழில் முறை தெரிஞ்ச பொம்பளைன்னு நினைச்சேன். ரிப்பன் எதுக்குன்னுதான் வெளங்கல. வெளிநாட்டுக்காரங்க, பேக்கிங் நல்லாப் பண்ணுவாங்கன்னு விட்டுட்டேன்.

எங்க வெட்டுல வேஸ்டேஜே விழாதுங்க. வசந்தாமணி அப்புடி வெட்டுவா. அப்ப இந்தத் துணி மிச்சந்தானே? மிச்சத்துணிய நம்மளே வெச்சுக்கறது நாயமில்லை. அதை நல்ல குஷன் உறையாத் தெச்சு, அவங்களுக்கே பரிசாக் குடுத்தா எப்புடி இருக்கும்? நானே வெட்டினேன். அவ பக்கத்து ஊட்டு சீமந்தத்துக்குப் போன நேரமாப் பாத்து நானே தெச்சேன். ஜிப் வெச்சேன். நடுவுல, பீரோ மேல இருந்து எறக்கி, ஒவ்வொண்ணுலயும் ஒரு யானை. ஒட்டுனது கம்பெனிப் பசை. ஒட்டுனா ஒட்டுனதுதான், துணி கிழிஞ்சாலும் பிரியாது.

கொண்டு போயி அவங்க சோபாவுல வரிசையா வெச்சேன். போலாக்கா வந்து பாத்தாங்க. ஒரு குஷனை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, அந்தக் குருவியைத் தடவிப் பாத்துட்டே உக்காந்திருந்தாங்க. முதுகுக்கு வெச்சுச் சாஞ்சுக்கவே இல்லை. அப்பறம், 'ரொம்ப நன்றிங்க அங்கிள்'னாங்க. சந்தோசத்துல பேச்சு வரலன்னு நினைச்சுட்டு நானும் நெஞ்சை நிமித்திட்டு வந்துட்டேன்.

அன்னிக்குப் பொழுதோட வசந்தாமணி அவங்க ஊட்டுக்குப் போயிட்டு வந்தா. வந்தவ செருப்பைக் கூடக் கழட்டல. நடுவுல நின்னுட்டுக் கேட்டா, 'போலாக்கா உங்க கையில ஒரு துணி குடுத்தாங்களா?' குடுத்தாங்கன்னேன். 'அது எதுக்குன்னு தெரியுமுங்களா?' வேஸ்டேஜுன்னேன்.

அப்பத்தான் சொன்னா. அவங்க ஊர்ல அதுக்கு அசோ எபின்னு பேராம். ஒரு விசேசம்னா ஒரே துணிய எடுத்து, யாரெல்லாம் தங்களுக்கு ஒறம்பரையோ அவங்களுக்கு மட்டும் குடுப்பாங்களாம். அதைத் தெச்சுப் போட்டுட்டு மண்டபத்துக்கு வந்தா, இவங்க இந்த ஊட்டாளுகன்னு பாக்கறவங்களுக்குத் தெரியுமாம். காலை மடக்கித் தாழ்ந்து குடுக்கறது பெரியவங்களுக்குக் காட்டற மரியாதையாம். அவங்க அம்மா லாகோசுல அதே துணியில தெச்சாச்சு. அண்ணன் தம்பிக தெச்சாச்சு. இந்த ஊர்ல அந்தத் துணி குடுத்தது எங்க ரெண்டு பேருக்குந்தான். நான் அதை வெட்டி உக்கார்ற எடத்துல போட்டுட்டு வந்துட்டேன்.

'போலாக்கா என்ன கேட்டாங்க தெரியுமா?'ன்னா. 'அங்கிளுக்கு எங்ககூட ஒண்ணா நிக்கச் சங்கடமா இருக்குதுங்களோ அக்கான்னு கேட்டாங்க. உங்க ஊர்லயும் விசேசத்துக்குத் துணி எடுத்துக் குடுக்கற பழக்கம் இருக்குதுங்களே, அதான் வெளக்கிச் சொல்லாம விட்டுட்டேன்னாங்க. அழுதுட்டாங்க.'

எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு தம்பி. தெருவுல தள்ளி நிக்கறவங்களோட என்னையும் சேத்துட்டாங்களேன்னு. நானு அப்புடிங்களா? டிவி சத்தத்தைக் கொறைச்சவன் நானு.

அதோட விட்டாளா? 'ஒரு வேட்டி மாறிப்போனதுக்கு என்ற அண்ணனை எத்தனை வருசமா வாசல்லயே நிக்க வெச்சிருக்கறீங்க?'ன்னு கேட்டா. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? அது வேற, இது வேற. அவரு மொறை தெரிஞ்சவரு, இது நான் தெரியாமப் பண்ணுனது. ஏன் தம்பி சிரிக்கறீங்க? சிரிக்கலையா? சரி.

இன்னொரு துணி எடுத்துத் தெச்சுக்கலாம்னா, அந்தத் துணி தீந்துபோச்சு, இனி லாகோசுல இருந்து வர்றதுக்குள்ள சிமிக்குக் காதே குத்திடுவாங்க. வசந்தாமணி போயி அந்தக் குஷனையெல்லாம் கேட்டு வாங்கிட்டு வந்துட்டா. ரெண்டை மட்டும் போலாக்காவுக்குன்னு அப்புடியே வெச்சுட்டு, மத்ததைப் பிரிச்சா. உக்காந்து ஒவ்வொரு நூலாப் பிரிச்சா. நான் பக்கத்துல போயி, 'நான் வேணா புடிச்சுக்கட்டுமா?'ன்னேன். துணியை அந்தப் பக்கமா நகர்த்தி வெச்சுக்கிட்டா. முன்னெல்லாம் நான் எதையாச்சும் கெடுத்தாத் திட்டுவா, இல்லாட்டி 'ஆமாங்க, ஆமாங்க'ம்பா. இந்தத் தடவை ரெண்டும் இல்லை. ஊட்டுல அந்த மிஷின் சத்தந்தான். அது எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. சொல்றதுக்கென்ன.

அவளுக்கு ஒரு ஜாக்கெட் வந்துச்சு. எனக்கு இந்தச் சட்டை. முழுத்துணி இல்லாததுனால ஒட்டுப் போட்டுத்தான் தெச்சா. அதான் குருவி நாலு பக்கமும் பறக்குது. பசை பட்ட எடத்தைத் திருப்பிப் போட்டுட்டா, ரெண்டு பக்கமும் நல்ல பக்கமாச்சே. ஆனா முன்பக்கத்துக்கு ஒரு பெரிய துண்டு வேணும், பெரிய துண்டுல எல்லாம் நடுவுல யானை. எடுக்கலாம்னு பாத்தா வரல, திருப்பிப் போடலாம்னா பசை கெட்டியா ஊறி அந்தப் பக்கமும் கறை. கம்பெனிப் பசைங்க.

இப்பத் தெரியுதுங்களா பை எதுக்குன்னு? சித்த நகர்த்திக் காட்டறேன், பாருங்க. தும்பிக்கை நெஞ்சு வரைக்கும் வருது. வயித்துக்கும் யானைக்கும் அளவு சரியா அமைஞ்சுபோச்சு. முன் சீட்டுப் பாப்பா அப்பவே பாத்துருச்சு. அவிநாசியில இருந்து முன்னால திரும்பவே இல்லை. ஏங் கண்ணு, யானை புடிச்சிருக்குதா? பாருங்க, தலையாட்டுது. வசந்தாமணிக்குத்தான் ரசனை இல்லை.

காலையில அவ வெளிச்சம் வந்ததும் கெளம்பிட்டா, கொழந்தைக்கு உடுத்தி விடணும், தோரணம் கட்டணும்னு. சட்டையைக் கையில குடுக்கல தம்பி. கட்டில் மேல வெச்சுட்டுப் போயிட்டா. பக்கத்துல வேட்டி. எந்த வேட்டி? மச்சான் கொண்டாந்த பட்டு வேட்டி! மத்த வேட்டியெல்லாம் எங்கன்னு பாத்தா, அத்தனையும் பக்கெட்டுல ஊறுது. வேணும்னே பண்ணுனதுதான். நான் போறதில்லைன்னு உக்காந்துட்டேன். நாலு பேரு முன்னால வயித்துல யானையோட நிக்கறதா? பனியன் கம்பெனியில எனக்குக் கீழ எத்தனை பேரு வேலை பாத்தாங்க!

மத்தியானத்துக்கு முன்னால போன் வந்துச்சு. போலாக்கா. 'அங்கிள், எங்க இருக்கறீங்க? போட்டோ எடுக்காம நிக்கறோமுங்க'ன்னாங்க. நீங்க எடுத்துக்குங்கன்னேன். 'அதெப்படிங்க, எங்க ஊட்டாளு ஒருத்தரு இல்லாம எடுக்க முடியுமுங்களா? போட்டோக்காரரு திட்டறாருங்க, சீக்கிரம் வாங்க'ன்னுட்டு வெச்சுட்டாங்க. துணிய வெட்டுனதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

போனைக் கையில வெச்சுட்டே உக்காந்திருந்தேன். எனக்காக ஒரு போட்டோ நிக்குதுங்க தம்பி. இத்தனை வருசத்துல எங்கயும் எனக்காக எதுவும் நின்னதில்லை. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஊட்டுல யாரும் இல்லாததுனால தொடைக்காம அப்புடியே விட்டுட்டேன்.

அப்பறம் சட்டையை எடுத்துத் தலையில மாட்டுனேன். தலை போகல! கழுத்துக்கிட்ட மாட்டிட்டு மேலயும் வரல, கீழயும் வரல. உள்ள ஒரே மஞ்சளா இருக்குது, கையி ரெண்டும் மேல தூக்கிட்டு நிக்கறேன். சிமி அன்னிக்கு ஏன் அப்புடிக் கத்துச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. தடவித் தடவிப் பாத்தா முதுகுல ஜிப்பு. குஷன் ஜிப்பை எடுத்தாத் துணி கொறஞ்சு போகும்னு அப்புடியே முதுகுக்கு வெச்சுட்டா போல. கழட்டி, ஜிப்பைத் திறந்து, போட்டேன். ஆனா திரும்ப ஏத்தறதுக்கு முதுகுக்குக் கையி எட்டணுமே? பாதி வரைக்குந்தான் எட்டுச்சு. அதோடதான் பஸ் ஏறி, சீட்டுல சாஞ்சவன் நிமிரல. வேட்டியைப் பத்திக் கேட்டீங்கன்னா, கட்டுனதுக்கப்பறம் சொல்றேன், அது நல்ல வேட்டிங்க. கரை நல்லா எறங்கியிருக்குது. வேணும்னு பாத்து எடுத்த வேட்டிதான், அதை மறுக்க முடியாது. வர்ற வாரம் மச்சானுக்கு ஒரு போன் போடணும். வேற எதுக்கும் இல்லை, இதைத் தண்ணியில போடலாமா, டிரை கிளீனிங்குக்குக் குடுக்கணுமான்னு கேக்கறதுக்குத்தான்.

சித்ரா ஸ்டாப்பு தாண்டிடுச்சுங்களா? ஹோப் காலேஜ் வந்துடுச்சா? அடடா. அதா, அதா பாருங்க தம்பி, எடது பக்கம், மஞ்சளாத் தெரியுதா? எல்லாரும் மண்டபத்து வாசலுக்கே வந்து நிக்கறாங்க. இடுப்புல கொழந்தையோட நிக்கறாங்க பாருங்க, அதான் போலாக்கா. முன்னால ரோட்டுக்கிட்ட நிக்கறது வசந்தாமணி. அந்த ஜாக்கெட்டு எப்புடி இருக்குது அவளுக்கு! ஒவ்வொரு பஸ்ஸா எட்டி எட்டிப் பாக்கறா. அவ எப்பவுமே அப்புடித்தான், வர வேண்டாம்னு சொல்லிட்டு வாசல்லயே நிப்பா.

தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இந்தப் பையைச் சித்தப் புடிங்க. நான் எந்திரிச்சுத் திரும்பறேன், முதுகுல அந்த ஜிப்பை மேல ஏத்தி விடுங்க. துணி மாட்டிக்காமப் பாத்து. மெதுவா... மேல வரைக்கும். ஆச்சுங்களா? யாராச்சும் கேட்டா, பின்னால ஜிப்பு வெக்கறது மயில்சாமி டிசைன்னு சொல்லிப்போடுங்க.

பையைக் குடுங்க. இல்ல இல்ல, வயித்துக்கு முன்னால வேண்டாம். தோள்ல மாட்டி விடுங்க, யானை தெரியட்டும். ஏனுங்க கண்டக்டரு, விசில் குடுங்க, நிறுத்துங்க! என்ற ஒறம்பரை நிக்கறாங்க.